பெட்டியடியிலிருந்து அம்பத்தூர் வரை

பங்குச் சந்தையில் பணம் போடத் தொடங்கும் நம் இளைஞர்கள் வாரன் பஃபெட்டின் பிள்ளைப் பிராயத்தைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். 1930இல் ஒமாஹாவில் பிறந்தது, வீடு வீடாகப் பத்திரிகை போட்டது, பதினோரு வயதில் சிட்டீஸ் சர்வீஸ் கம்பெனியின் முன்னுரிமைப் பங்குகளைத் தனக்கு மூன்று, அக்காவுக்கு மூன்று என்று வாங்கியது, ஹார்வர்டு சேர்த்துக்கொள்ளாததால் கொலம்பியாவுக்குப் போய் பெஞ்சமின் கிரஹாமிடம் படித்தது எல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டி எழுந்திருக்கும் கண்ணாடிக் கட்டடங்களில் வேலை பார்க்கிறவர்களும் இதில் சேர்த்தி. ஆனால் அதே அம்பத்தூரில் 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் ஆலைக்கு முதல் போட்ட குடும்பத்தின் பெரியவர் எங்கே படித்தார், என்ன படித்தார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் அகப்படுவதில்லை. ஒமாஹா தெரிந்த அளவுக்கு அவருடைய ஊரான பள்ளத்தூர் தெரியவில்லை. இந்தக் குறை எனக்கு நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. பள்ளத்தூரில் தொடங்கிய அந்தப் படிப்பு, முதலீட்டாளரை உருவாக்குவதற்கென்றே ஒரு சமூகம் பல தலைமுறையாகச் செப்பனிட்டு வைத்திருந்த முழுமையான கல்வி.

திவான் பகதூர் ஏ.எம். முருகப்ப செட்டியார் காரைக்குடிக்கு அருகிலுள்ள பள்ளத்தூர்க்காரர். 1898இல், பதினான்கு வயதில், பர்மாவில் உறவினர் நடத்திய வட்டிக் கடையில் தொழில் பழகப் போனார். இன்றைய முருகப்பா குழுமம் தன் பிறந்த ஆண்டாக 1900ஐக் கணக்கிடுகிறது. மோல்மீன் துறைமுகத்தில் தொடங்கிய கொடுக்கல் வாங்கல் தொழில்தான் அதன் வேர். பதினான்கு வயதில் கப்பலேறியதை இன்றைக்குச் சொன்னால் ஏழைப் பிள்ளையின் துயரக் கதைபோல இருக்கும். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஊர்களில் அது வழக்கம். வசதியுள்ள வீட்டுப் பையனும் வசதியில்லாத வீட்டுப் பையனும் ஒரே வழியாகத்தான் போனார்கள். அந்த வழியில் என்னென்ன கற்பித்தார்கள் என்று பார்த்தால் முருகப்ப செட்டியாரின் கல்வி தெரிந்துவிடும்.

1909இல் வெளியான தென்னிந்தியச் சாதிகள் பற்றிய தொகுதிகளில் எட்கர் தர்ஸ்டன் ஒரு செய்தியைப் பதிவு செய்திருக்கிறார். நாட்டுக்கோட்டைச் செட்டியார் வீட்டில் ஆண் குழந்தை பிறந்ததும் அதன் பேரில் ஒரு தொகையை ஒதுக்கி வட்டிக்கு வட்டியாகப் பெருகவிடுவார்கள். பிள்ளையின் படிப்புச் செலவுக்கு அந்தப் பணம். பத்துப் பன்னிரண்டு வயதில் பையன் கணக்கும் கொடுக்கல் வாங்கலும் பழக ஆரம்பித்துவிடுவான். எனக்கு இதில் வியப்பாக இருப்பது வரிசைதான். கூட்டு வட்டி என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தருவதற்கு முன்பே, அது பையனின் பெயரில் வேலை செய்ய ஆரம்பித்துவிடுகிறது.

அதற்கடுத்தது திண்ணைப் பள்ளிக்கூடமும் எண்சுவடியும். கால், அரை, முக்கால் என்பதோடு நாம் இன்று நின்றுவிடுகிறோம். அன்றைய பிள்ளைகள் அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என்று இறங்கிக்கொண்டே போனார்கள். மாகாணி பதினாறில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்று இருபதில் ஒன்று. காகிதமும் பென்சிலும் இல்லாமல் இவற்றைப் பெருக்கிக் கூட்டிச் சொல்ல வேண்டும். வெறும் ஞாபகப் பயிற்சி என்று இதை ஒதுக்கிவிட்டார்கள் பிற்காலக் கல்வியாளர்கள். தொழிலில் அது எப்படிப் பயன்பட்டது என்பதை ஒரு கணக்கைப் போட்டே பார்க்கலாம்.

850 ரூபாய் கடன். வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் ரூபாய், அதாவது 1 ரூபாய் 4 அணா. கடன் வாங்கியவர் 47 நாளில் திருப்பித் தருகிறார். எட்டு ஒன்றேகால் பத்து. ஆக 800க்குப் பத்து ரூபாய். மிச்சம் 50க்கு ஒன்றேகாலில் பாதி, பத்து அணா. ஒரு மாத வட்டி 10 ரூபாய் 10 அணா. அரை மாதத்துக்கு 5 ரூபாய் 5 அணா. இரண்டும் சேர்ந்து 45 நாளுக்கு 15 ரூபாய் 15 அணா. பாக்கி இரண்டு நாள். மாத வட்டியில் பதினைந்தில் ஒரு பங்கு, 11 அணா 4 பை. மொத்தம் 16 ரூபாய் 10 அணா 4 பை. கடன்காரர் மடியிலிருந்து பணத்தை எடுத்து வைப்பதற்குள் பையன் இதைச் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் ஒன்று முதலாளிக்கு நஷ்டம், அல்லது கடன்காரருக்கு அநியாயம். இரண்டிலும் கடையின் பெயர் கெடும்.

கடை என்று சொன்னாலும் கடைத்தெருக் கடைபோல அதைக் கற்பனை செய்யக் கூடாது. நீளமான ஒரு கூடம்; கிட்டங்கி என்று பெயர். ஒரே கிட்டங்கியில் பல கடைகள் இருக்கும். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பாய், ஒரு சாய்வு மேசைப் பெட்டி, பின்னால் சுவரோரம் ஓர் அலமாரி. பகலில் தொழில், ராத்திரியில் அதே இடத்தில் படுக்கை. முதலாளி பெரும்பாலும் செட்டிநாட்டிலேயே இருப்பார். கடையை நடத்துகிறவர் ஏஜெண்டு. மேலாள் என்றும் சொல்வதுண்டு. அவருக்குக் கீழே அடுத்தாள். அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். சமையற்காரரைச் சேர்த்தால் கடையின் ஆள்கட்டு முடிந்தது. வட்டிக் கடையின் உள்வாழ்க்கையை நாவலாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' இருக்கிறது; அவரே இந்தோனேசியாவின் மெடானில் அப்படியொரு கடையில் வேலை பார்த்தவர்.

பெட்டியடிப் பையனின் பாடத்திட்டம் எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. கூட்டுவது, பெருக்குவது, தபால் கொண்டுபோவது, வசூலுக்குப் போகும் அடுத்தாளின் பின்னால் நடப்பது என்று தொடங்கும். பெட்டிக்கு அடியில் உட்கார்ந்தபடியே வந்துபோகும் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பான். யாருக்குக் கடன் கொடுத்தார்கள், யாருக்கு இல்லையென்றார்கள், இல்லையென்பதை எப்படிச் சொன்னார்கள் என்பதெல்லாம் காதில் விழும். பிறகு கையெழுத்துத் திருந்தியதும் குறிப்பு எழுதக் கொடுப்பார்கள். அன்றாட வரவு செலவெல்லாம் குறிப்பில் ஏறும். அதிலிருந்து ஆள்வாரியாகப் பிரித்துப் பேரேட்டில் பதிய வேண்டும். காலக் கெடு முடிந்ததும் பேரேட்டைத் திரட்டி ஐந்தொகை எடுக்க வேண்டும். கடையின் சொத்து என்ன, கடன் என்ன, லாபம் என்ன என்று ஒரே பார்வையில் காட்டும் கணக்கு அது.

இந்தக் கல்வியின் நடுமையம் மூன்று வருஷக் கணக்கு. ஏஜெண்டுக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்கு ஒரு சம்பளம் பேசி, அதில் ஒரு பகுதியைப் புறப்படும்போதே கொடுத்துவிடுவார்கள்; வீட்டுக்காரியும் பிள்ளைகளும் ஊரில் அதை வைத்துக் குடும்பம் நடத்துவார்கள். தவணை முடிந்ததும் அடுத்த ஏஜெண்டிடம் கடையை ஒப்படைத்துவிட்டு ஐந்தொகையோடு ஊர் திரும்ப வேண்டும். முதலாளி உட்கார்ந்து ஒவ்வொரு பற்றையும் கேட்பார். வராத கடன் எது, ஏன் வரவில்லை, கொடுக்கும்போது யாரை நம்பிக் கொடுத்தாய்? கணக்கு நேராக இருந்தால் லாபத்தில் ஒரு பங்கும் அடுத்த தவணைக்கு நல்ல இடமும் கிடைக்கும். இல்லாவிட்டால் ஒன்பது நகரக் கோயில் வட்டாரம் முழுக்கச் செய்தி பரவிவிடும். வேறு எவரும் அவரைக் கடைக்கு எடுக்க மாட்டார்கள்.

முதலீடு கற்பிக்கும் எந்த நவீனப் பள்ளியிலும் இதற்கு இணையான பாடத்தை நான் பார்த்ததில்லை. சொந்தப் பணத்தில் தப்புச் செய்கிறவன் அதைத் தன்னிடமிருந்தே மறைத்துக்கொள்ள முடியும். பிறர் பணத்தைக் கையில் வாங்கி, கெடு வைத்துக்கொண்டு, கெடு முடிந்ததும் ஆள் முன்னால் கணக்கு ஒப்பிக்கிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை. இருபது வயதுக்குள் ஒருவன் இதை ஒருமுறை கடந்துவிட்டால், ஆபத்து என்றால் என்னவென்று அவனுக்கு உடம்பில் தெரிந்துவிடும்.

கடைக்கு வெளியிலும் வகுப்பு உண்டு. ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் மாதந்தோறும் கடைக்காரர்கள் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். கடைக்குக் கடை கொடுத்து வாங்கும் பணத்துக்கு அந்த மாதம் என்ன விலை என்பதுதான் நடப்பு வட்டி. சாமி கும்பிடப் போன பையன் பணத்தின் விலை எப்படி ஏறுகிறது, நெல் அறுவடைக் காலத்தில் ஏன் முறுக்கிக்கொள்கிறது என்பதையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டான். வீட்டிலும் அதேதான். கல்யாணம் ஆன கையோடு மகனையும் மருமகளையும் 'வேறு வைத்து' விடுவது நகரத்தார் வழக்கம். பெரிய வீடு ஒன்றே, அடுப்பு வேறு, ஆண்டுச் செலவுக்கு அளந்து கொடுத்த பொருள் வேறு. பணக்கார வீட்டு இளசுகளும் அளவுக்குள் வாழப் பழக வேண்டியிருந்தது. பெண்களின் சீதனப் பணம் ஆச்சிமார் பணம் என்ற பெயரில் கடைகளில் வட்டிக்கு நின்றது. கடைக்குப் போகாத ஆச்சிகள் தங்கள் பணம் எந்தக் கடையில் என்ன வட்டிக்கு நிற்கிறது என்பதைக் கணக்காக வைத்திருந்தார்கள். கடல் கடந்த தொழிலில் பெண்களுக்கு இடம் இல்லை; ஆனால் அதற்கு முதல் கொடுத்தவர்களில் அவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் இந்தப் பக்கத்தை இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

இந்தக் கல்வியைப் பாராட்டும்போதே அதன் வேலியையும் சொல்லியாக வேண்டும். பெட்டியடியில் உட்காரும் உரிமை பிறப்பால் வந்தது. அதே கடையில் சமைத்தவரின் மகனுக்கு எண்சுவடி எவ்வளவு நன்றாக வந்தாலும் ஏஜெண்டாகும் வழி பெரும்பாலும் திறக்கவில்லை. நம்பிக்கையையே மூலதனமாகக் கொண்ட தொழில், தெரிந்த வட்டத்துக்குள்தான் நம்பிக்கையைத் தேடியது.

அதைவிடப் பெரிய கேள்வி பர்மியர்களுடையது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தபின் கீழ் பர்மாவின் அரிசிக்கு உலகச் சந்தை கிடைத்தது. சதுப்புக் காடுகளை வெட்டி வயலாக்கிய விவசாயிக்கு மாட்டுக்கும் விதைக்கும் கூலிக்கும் பணம் வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் வங்கிகள் அவன் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. செட்டியார் கடை பார்த்தது. 1929–30இல் ஆராய்ந்த பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்ததாகவும் அவை கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் அளவுக்கு இருந்ததாகவும் மதிப்பிட்டது. அந்த வேகத்திலேயே பெருமந்தம் வந்தது. நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டுக்கு வைத்த நிலங்கள் கடைகளின் பேருக்கு மாறின. முக்கியமான பதின்மூன்று நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையிலிருந்த நிலம் 6 சதவீதம். 1930களின் இறுதியில் அது 25 சதவீதம். நிலத்தைப் பிடுங்கவே திட்டமிட்டுக் கடன் கொடுத்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. பணத்தைச் சுழலவிட்டே பிழைக்கும் தொழிலுக்கு, விற்க முடியாத வயல் ஒரு பாரம். ஆனால் தான் திருத்திய மண்ணிலேயே குத்தகைக்காரனாகிப்போன பர்மிய உழவனுக்கு இந்த விளக்கம் எந்த ஆறுதலும் தராது. ஐந்தொகையில் அவனுடைய இழப்புக்குப் பத்தி இல்லை. பெட்டியடிக் கல்வி கற்பிக்கத் தவறிய பாடம் இது.

அந்த நிலங்கள் செட்டியார்களுக்கும் நிற்கவில்லை. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. 1948இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. பல குடும்பங்கள் பேரேட்டை மட்டும் சுமந்துகொண்டு ஊர் திரும்பின. முருகப்ப செட்டியார் குடும்பம் 1930களிலேயே, ஜப்பானியர் வருவதற்கு முன்பே, மூலதனத்தை இந்தியாவுக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. இதை ஜோதிடம்போல எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது பயிற்சியின் விளைவாகவே படுகிறது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து வைத்து, 'இது இன்னும் பெறுமா?' என்று கேட்டுப் பழகிய மனம், தவணை முடிவதற்குள்ளேயே அதே கேள்வியை ஒரு தேசத்தைப் பார்த்தும் கேட்டிருக்கும். அதே பயிற்சி பெற்ற ஆயிரம் பேர் ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்கலாம். நிலம் கைக்கு வந்தபின் அது கடனாகத் தெரிவதில்லை, சொத்தாகத் தெரிகிறது. கடனைக் கெடு வைத்துப் பார்த்தவர்கள் சொத்தைக் கெடு வைத்துப் பார்க்கவில்லை.

எல்லாச் செட்டிநாட்டு முதலாளிகளும் பெட்டியடியோடு நின்றவர்கள் அல்லர். 1909இல் கோட்டையூரில் பிறந்த அழகப்ப செட்டியார் சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முதுகலை படித்தார், லண்டன் போய் பாரிஸ்டர் ஆனார், அங்கே வங்கியில் பயிற்சியும் பெற்றார். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரியில் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். கடைப் படிப்போடு கல்லூரிப் படிப்பும் சேர்ந்த அந்தத் தலைமுறை வேறு தினுசானது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.

முருகப்ப செட்டியார் குடும்பம் பணத்தைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டது. அதை எதில் போடுவது? 1949இல் அம்பத்தூர் ரயில் பாதையோரத்து ஏரிகளும் வயல்களுமான ஊர். அதுவரை பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்த சைக்கிள்களில்தான் தமிழ்நாட்டுத் தபால்காரரும் வாத்தியாரும் பால்காரரும் போனார்கள். சுதந்திர இந்தியா இறக்குமதியைக் குறைத்து, இங்கேயே செய் என்றது. முருகப்பா குடும்பம் பர்மிங்ஹாமின் ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கியது. ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கிருந்து வந்தது. அந்த ஆங்கில நிறுவனத்தின் தலைவர் சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டும் வுல்ஸ்லி மோட்டார் தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகத் தொழிலைத் தொடங்கியவர். கணக்கை உட்கார்ந்து பழகிய ஒரு பரம்பரையும் இயந்திரத்தை நின்று பழகிய ஒருவரும் சந்தித்துக்கொண்ட இடமாக அம்பத்தூரைப் பார்க்கலாம். 1966இல் அம்பத்தூரில் திறந்த மருத்துவமனைக்கு ஸ்டெட்ஃபோர்டின் பெயரையே வைத்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பலருக்கு அந்தப் பெயர் ஆஸ்பத்திரியின் பெயராக மட்டுமே தெரியும்.

வட்டிக் கடைக்காரர் ஆலை வைப்பது அன்றைக்குச் சின்ன முடிவு இல்லை. கொடுத்த கடனை மூன்று வருஷத்தில் திரும்ப எடுத்துவிடலாம். அடித்தளம் போட்டு, இயந்திரம் இறக்கி, ஆட்களைப் பழக்கி, சைக்கிள் வெளியே வரும்வரை காத்திருக்கும் பணத்துக்குக் கெடு கிடையாது. அதோடு, குழாயை எப்படி வளைப்பது, சங்கிலியை எப்படிக் கோப்பது என்பதை எண்சுவடி சொல்லித்தராது. தெரியாததைத் தெரிந்தவரிடமே விட்டுவிடுவது என்ற முடிவை ஏஜெண்டு முறை ஏற்கனவே பழக்கியிருந்தது என்று நினைக்கிறேன். தொலைதூரத்துக் கடையை ஒருவர் பொறுப்பில் விட்டுக் கணக்கை மட்டும் கறாராகக் கேட்டுப் பழகியவர்களுக்கு, ஆங்கிலப் பொறியாளர் பொறுப்பில் ஆலையை விடுவது கைவராத காரியமில்லை. 1954இல் திருவொற்றியூரில் கார்போரண்டம் யுனிவர்சலை அமெரிக்க, ஆங்கில நிறுவனங்களுடனும், 1960இல் அம்பத்தூரில் டி.ஐ. டைமண்ட் செயினை அமெரிக்க நிறுவனத்துடனும் இதே முறையில் தொடங்கினார்கள்.

பக்கத்து ஆவடியின் கதை இன்னும் சுவையானது. 1955 ஜனவரியில் அங்கே சத்தியமூர்த்தி நகர் என்று பெயரிட்ட திடலில் காங்கிரஸ் மாநாடு கூடியது. சோசலிச பாணிச் சமுதாயம் நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். அதே ஆண்டில் அதே ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா குழாய் ஆலை வந்தது. மோல்மீன் வட்டிக் கடையில் வேர்விட்ட முதல் அங்கே எஃகுக் குழாயாக மாறியது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தோன்றும். உண்மையில் அன்றைய தீர்மானம் விரும்பிய உள்நாட்டு உற்பத்தியைத்தான் குழாய் ஆலையும் செய்தது.

1957இல் ஆவடி சத்தியமூர்த்தி நகரில் முருகப்பா பாலிடெக்னிக் தொடங்கப்பட்டது. பதினான்கு வயதில் கடைக்குப் போனவரின் வாரிசுகள், கடைசல் இயந்திரமும் வரைபடமும் கற்றுத்தரும் கல்லூரிக்குப் பணம் கொடுத்தார்கள். தங்கள் பரம்பரைக் கல்வியில் இல்லாத பகுதி எது என்பதை ஆலைகளை நடத்திப் பார்த்தே அவர்கள் கண்டுகொண்டிருக்க வேண்டும். பெட்டியடிக்கு இருந்த பிறப்பு வேலி இதற்கு இல்லை. ஆவடியிலும் திருநின்றவூரிலும் பூந்தமல்லியிலும் பிறந்த, செட்டிநாட்டோடு எந்த உறவும் இல்லாத பிள்ளைகள் அங்கே டிப்ளமோ வாங்கி, சுற்றியுள்ள ஆலைகளில் மேற்பார்வையாளர்களானார்கள். 1960களில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தபிறகு அவர்களைப் போன்றவர்களில் சிலர் சொந்தமாக லேத் பட்டறையும் போட்டார்கள்.

இயந்திரக் கல்வி இப்படிப் பொதுவுக்கு வந்தது. பணக் கல்வி வரவில்லை. கிட்டங்கிகள் மூடியதோடு பெட்டியடியும் முடிந்துவிட்டது. அதன் வேலி போனது நல்லதுதான், உள்ளே இருந்த பாடமும் சேர்ந்து போய்விட்டது. டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய அதே 1949இல் நியூயார்க்கில் கிரஹாமின் 'தி இண்டலிஜெண்ட் இன்வெஸ்டர்' வெளிவந்தது. பஃபெட் பத்தொன்பது வயதில் அதைப் படித்தார், பிறகு எழுதியவரையே தேடிப் போனார், அவரிடம் படித்தார், அவர் நிறுவனத்தில் வேலையும் பார்த்தார். அவருடைய வளர்ச்சியிலும் புத்தகத்தைத் தாண்டி, கணக்குக் கேட்கிற ஓர் ஆசான் இருந்தார். இன்று அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் போகும்போதே கைபேசியில் பங்கு வாங்கும் இளைஞருக்குப் புத்தகம் கிடைக்கிறது, விலைப் பட்டியல் நொடிக்கு நொடி கிடைக்கிறது. 'இதை ஏன் வாங்கினாய்?' என்று மூன்று வருஷம் கழித்துக் கேட்கிறவர் மட்டும் இல்லை. பாலிடெக்னிக்குகளும் கலைக் கல்லூரிகளும் இதைச் செய்யலாம். பத்து மாணவர்களிடம் கல்லூரியின் பொதுப் பணத்தில் ஒரு சிறு தொகையை ஒப்படைத்து, படிப்பு முடியும் மூன்றாம் ஆண்டில் ஐந்தொகை எழுதச் சொல்லி, அவர்களைத் திருப்திப்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு கணக்காளர் முன்னால் உட்காரவைத்து, வராக்கடன் வரையிலும் வாசிக்கச் சொல்ல வேண்டும்.